கிளீனர் சீட்: லாரித் தொழிலில் ஆள் இல்லாமல் போன கதை

'லாரி ஸ்டிரைக்' என்று பத்திரிகையில் தலைப்பு வந்தால் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்றுதான் வெளியாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது முதலாளிகளின் ஸ்டிரைக். 2018 ஜூலை 20 முதல் 27 வரை எட்டு நாள் நாடு முழுக்க லாரிகள் நின்றன. டீசல் விலை, சுங்கச்சாவடிக் கட்டணம், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம், இவைதான் முதன்மையான கோரிக்கைகள். மூன்றுமே வண்டி வைத்திருப்பவனின் கஷ்டம். வண்டி ஓட்டுகிறவன் அந்த எட்டு நாளும் பேட்டா இல்லாமல், ஸ்டாண்டில் தார்ப்பாயை விரித்துச் சீட்டாடிக்கொண்டு கிடந்தான். அவனுக்கு எத்தனை மணி நேரம் வேலை, கூட ஆள் உண்டா இல்லையா, தூங்க இடம் எங்கே என்பதையெல்லாம் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் எவரும் வைக்கவில்லை.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து லாரித் தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். வானம் பார்த்த பூமியிலிருந்து எழுந்து வந்து இந்தியா முழுக்க வண்டி ஓட்டிய சாதனை என்பார்கள். பாடி கட்டும் பட்டறை, ரிக் வண்டி, கேஸ் டேங்கர் என்று அடுக்குவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த வரலாறு முழுக்க இரும்பின் வரலாறு, பைனான்ஸின் வரலாறு. வண்டிக்குள் இடதுபக்கம் ஒரு சீட் இருந்தது. அதில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் எங்கிருந்து வந்தான், எப்படிக் காணாமல் போனான் என்று யாரும் எழுதவில்லை. 1986லிருந்து ஐந்து வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்தவன் நான். பிறகு இருபத்து மூன்று வருஷம் வலதுபக்க சீட்டில். அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கதையை லாரி ஆபீஸில் தொடங்க முடியாது, கிணற்றடியில்தான் தொடங்க வேண்டும். கொங்குப் பகுதிப் புன்செய் விவசாயம் கவலை இறைப்பில் நின்றது. கவலைக்குத் தோல் பறி வேண்டும், வால் வேண்டும், வடம் வேண்டும். அதைத் தைத்துக் கொடுப்பவன் மாதாரி. மாட்டை ஓட்டி இறைப்பவனும் பல இடங்களில் அவனேதான். தோட்டத்துக்கு ஒரு பண்ணையாள் குடும்பம். கூலி கம்பாகவும் ராகியாகவும் வந்தது. முன்பணம் வாங்கிய கடனில் ஆள் கட்டுப்பட்டுக் கிடந்தான். 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது, 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்துக்குத் தோட்டம் கம்பி இழுத்தார்கள். மோட்டார் பம்ப் வந்ததும் தோல் பறிக்கு வேலை போயிற்று. நம் ஆட்களின் கைத்தொழில் போனதே தவிர முன்பணமும் 'சாமி'யும் போகவில்லை.

கிணறு வற்ற வற்ற, தோட்டத்துக்காரர்கள் பணத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். ஒருத்தர் நிலத்தை அடமானம் வைத்து லாரி வாங்கினார், பங்காளிகள் சேர்ந்து இன்னொன்று வாங்கினார்கள். 1970களின் நடுவில் நேஷனல் பர்மிட் திட்டம் வந்தபோது பல மாநிலங்களுக்கு ஒரே பர்மிட்டில் போகலாம் என்றானது. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான், 1976ல், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் நம் ஆய்வாளர்களுக்கு இல்லை. எனக்கு உண்டு. ஏனென்றால் என் அப்பன் பண்ணையாள், நான் கிளீனர், இரண்டு பேருக்கும் முதலாளி ஒரே குடும்பம். எண்ணூறு ரூபாய் முன்பணம். "பையன் ஊட்ல சும்மாத்தான குந்தியிருக்கான், வண்டிக்கு அனுப்பு" என்றார்கள். "பாத்துக்கோங்க சாமி" என்று எங்கம்மா கும்பிட்டாள். பண்ணையம் டயர் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல. கடன் நோட்டு அதேதான், பக்கம்தான் புதுசு.

எல்லாக் கிளீனரும் நம் ஆட்கள் என்று சொல்ல மாட்டேன். டிரைவர்களில் எல்லாச் சாதியும் உண்டு, கிளீனர்களிலும் உண்டு. ஆனால் எந்த வண்டிக்கு எவன் போனான் என்று பார்க்க வேண்டும். லாங் லைன் வண்டியில் ஸ்டவ் இருக்கும். கிளீனர்தான் சமைக்க வேண்டும். அந்த ஸ்டவ்தான் எல்லைக்கோடு. நம் கை பட்ட சோற்றை டிரைவர் தின்ன மாட்டான் என்பதால், நான் பார்த்தவரை, நம் பையன்களுக்குக் கிடைத்தது கல்லு, மணல், சுண்ணாம்பு, கோழிப்பண்ணை எரு ஏற்றுகிற கிட்ட வண்டிகள். நான் லாங் லைன் போனது மூன்றாவது வருஷம். அந்த டிரைவரண்ணன் தானே சமைப்பார். என் தட்டு தனி, ஸ்டெப்னிக்கு அடியில் சொருகி வைத்திருப்பேன். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தட்டை மட்டும் தொட மாட்டார்.

இதைப் படிக்கும்போது 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த மாநாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் கூட்டிய மாநாடு அது. பார்ப்பனியம், முதலாளியம் என்று தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் உண்டு என அம்பேத்கர் சொன்னதை எல்லோரும் எடுத்துப் பேசுகிறோம். அதே உரையில் அவர் காட்டிய உதாரணத்தை யாரும் பேசுவதில்லை. ரயில்வேயில் தீண்டப்படாதவனுக்குக் கேங்மேன் வேலை கிடைக்கும், போர்ட்டர் வேலை கிடைக்காது. போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், தீண்டப்படாதவன் வீட்டுக்குள் வர முடியாது, ஆகவே வேலையும் கிடையாது. அங்கே ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வாசல், இங்கே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். போக்குவரத்துத் தொழிலில் யாரை எங்கே நிறுத்துவது என்பதை நிர்வாகம் தீர்மானிப்பதற்கு முன்பே சாதி தீர்மானித்துவிடுகிறது. தொழிற்சங்கத் தோழர்கள் 'டிரைவர் கிளீனர்' என்று ஒரே மூச்சில் சொல்லும்போது இந்தக் கணக்கு விடுபட்டுப்போகிறது.

வேலை என்ன? பொழுது விடிய டயரை இரும்பு ராடால் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தத்தை வைத்தே காற்று சொல்லிவிடலாம். கண்ணாடி துடை, தண்ணி ஊத்து, கிரீஸ் அடி. லோடு ஏறினால் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டு. மலை ஏறும்போது வண்டி நின்றால் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்துப் பின் டயருக்கு அடியில் வை. ரிவர்ஸில் வரும்போது பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்து. இடதுபக்கம் டிரைவருக்குத் தெரியாது, அந்தப் பக்கத்துக்கு அவனுடைய கண் கிளீனர்தான். ராத்திரி அவன் தூங்கும்போது டீசலுக்குக் காவல். அவன் ஓட்டும்போது தூங்காமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குப் பெயரும் கிடையாது, கூலியும் கிடையாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வண்டி ரோட்டில் நிற்பதும் பள்ளத்தில் கிடப்பதும் அதில்தான் இருக்கிறது.

இந்தப் பையனைச் சட்டம் மறந்துவிட்டதா? இல்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். தொழிலாளி யார் என்று சொல்லும் இடத்தில் டிரைவர், கண்டக்டர், அடுத்த சொல் கிளீனர். ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தூர வழித்தடமானால் 10 மணி, 54 மணி வரை போகலாம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை. பதினெட்டு வயது நிரம்பாத வளரிளம் பருவத்தினர் என்றால் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை வேலையே கூடாது. நான் வண்டியேறியபோது எனக்குப் பதினாறு வயசு. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரைதான் எங்கள் வண்டி ஓடும்.

இந்த 48 மணி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தொழிற்சாலைகள் திருத்த மசோதாதான் 1946ல் வாரம் 54 மணியை 48 ஆக்கியது. அது ஆலைத் தொழிலாளிக்கு. ஆலைக்குச் சுவர் உண்டு, சங்கு உண்டு, இன்ஸ்பெக்டர் போய் எண்ணிப் பார்க்கலாம். லாரிக்குச் சுவரும் இல்லை சங்கும் இல்லை. அதே 48 மணி ரோட்டுக்கு வந்துசேரப் பதினைந்து வருஷம் ஆயிற்று. வந்து சேர்ந்தபோது அதன் வாசலில் ஓர் எண் நின்றுகொண்டிருந்தது: ஐந்து. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான் சட்டம்.

இந்த ஐந்தை வைத்து எங்கள் ஊர்ப் பக்கம் நடந்ததுதான் லாரித் தொழிலின் உண்மையான நிர்வாகம் என்பேன். 1998ல் நான் டிரைவராகச் சேர்ந்த சரக்குக் கம்பெனியில் (பெயர் வேண்டாம்) நாற்பது வண்டிக்குக் குறையாது. எல்லா வண்டியின் நெற்றியிலும் ஒரே பெயர், ஒரே கலர். ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பினால் இரண்டு வண்டி அப்பா பேரில், இரண்டு வண்டி சம்சாரம் பேரில், மச்சினன் பேரில் இரண்டு, செத்துப்போன பாட்டி பேரில்கூட ஒன்று. எந்தப் பெயரிலும் நாலு ஆளுக்கு மேல் வராது. தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்தால் காபி குடித்துவிட்டு நாலு பேர் என்று எழுதிக்கொண்டு போவார். சட்டப்படி அந்தக் கம்பெனியே இல்லை. கம்பெனி இல்லையென்றால் தொழிலாளியும் இல்லை. "நான் யாரிடம் வேலை செய்கிறேன்" என்ற கேள்விக்கு அங்கே பத்து வருஷம் ஓட்டியவனுக்குக்கூடப் பதில் தெரியாது.

அந்தக் கம்பெனி சேலத்தில் ஆபீஸ் போட்டிருந்தது. நாற்பது வண்டிக்கு ஒரு மேனேஜர், ஒரு புக்கிங் கிளார்க், டீ வாங்கிவர ஒரு பையன். அவ்வளவுதான். மேனேஜர் முதலாளியின் பெரியப்பா மகன். அவர் வண்டி ஓட்டியதும் இல்லை, லோடு ஏற்றியதும் இல்லை. ஒரே வண்டியை இரண்டு பார்ட்டிக்குச் சொல்லிவிடுவார். நாக்பூர் போகச் சொல்லி ஏற்றிய லோடுக்குப் பாதி வழியில் ஹைதராபாத் என்பார். இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் எஸ்.டி.டி. பூத்தில் நிற்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் கட்டணம் குறைவு, அந்த நேரத்தில் ஆபீஸில் போன் எடுக்க ஆள் கிடையாது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளார்க் வந்து, "அண்ணா, மேனேஜர் இன்னும் வரலைங்க" என்பான். அதற்குள் பார்ட்டி கேட்டைச் சாத்தியிருப்பான்.

இறக்குமிடத்தில் இதைவிட மோசம். ஒரு சிமெண்ட் குடோனில் மூன்று நாள் நின்றேன். லோடுமேன் இல்லை. மொத்தக் குடோனுக்கும் ஆறு பேர், பதினேழு வண்டி வரிசையில். ஹால்டிங் பணம் என்று பார்ட்டியிடம் கம்பெனி வசூலித்தது எனக்குத் தெரியும், பில்லை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பணம் டிரைவருக்கு வராது. எங்களுக்குக் கூலி ட்ரிப் கணக்கு. வண்டி நின்றால் கூலி நின்றது. பேட்டாவில் மூன்று நாள் தின்றுவிட்டால் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது? கேட்டேன். "நீ தூங்கிட்டுதான இருந்த" என்றார் மேனேஜர். பிறகு ட்ரிப்ஷீட் முடிக்கும்போது இரண்டு மூட்டை ஷார்ட்டேஜ் என்று பிடித்தார்கள். எண்ணி இறக்க ஆள் போடாத குடோனில், எண்ணிக்கை குறைந்ததற்கு டிரைவர் பொறுப்பு.

வண்டி தாமதமாகப் போனாலும் டிரைவர் தப்பு. குடோனில் போன மூன்று நாளை ரோட்டில் பிடிக்க வேண்டும். பிடித்தால் மூன்று ராத்திரி தூக்கம் போகும். ராத்திரி லாரி போய் நின்ற லாரியின் பின்னால் மோதியது என்று நாளைக்கு ஒரு செய்தி படிக்கிறீர்கள். 'ஓட்டுநர் தூக்கக் கலக்கம்' என்று போலீஸ் எழுதும். எந்தக் குடோனில் எத்தனை நாள் நின்றான் என்று எந்த எஃப்.ஐ.ஆரிலும் வருவதில்லை.

இனி அந்தப் படுக்கைக்கு வருகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தைத் தொடர்ந்து 1989ல் மத்திய விதிகள் வந்தன. அதில் 90ஆம் விதி நேஷனல் பர்மிட் கனரக வண்டிக்கானது. குறைந்தது இரண்டு டிரைவர் இருக்க வேண்டும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரு சீட் வேண்டும், ஓட்டாத டிரைவர் அதில் காலை நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும். அரசாங்கம் எழுதிய வாசகத்தில் தூக்கம் என்ற சொல்லை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் எழுதியிருக்க வேண்டும்.

நாமக்கல் பட்டறைகளில் அந்தச் சீட்டை ஒழுங்காகவே கட்டினார்கள், ரெக்ஸின் எல்லாம் போட்டு. கட்டாவிட்டால் எஃப்.சி. கிடைக்காது. படுக்கை வந்தது, இரண்டாவது டிரைவர் வரவில்லை. பேப்பரில் இன்னொருத்தன் லைசென்ஸ் நம்பர் இருக்கும். செக்போஸ்டில் கேட்டால் கிளீனரைக் காட்டுவோம், இல்லையென்றால் ஐம்பது ரூபாய். பல வண்டியில் நடந்தது என்னவென்றால், சமதள ரோட்டில் நள்ளிரவில் ஸ்டியரிங்கைக் கிளீனரிடம் கொடுத்துவிட்டு டிரைவர் அந்தப் படுக்கையில் விழுவார். லைசென்ஸ் இல்லாத பதினெட்டு வயசுப் பையன் பத்து டன்னை ஓட்டுவான். இரண்டு டிரைவர் கூலியை முதலாளி இப்படித்தான் மிச்சம் பிடித்தார். நான் கிளீனராக இருந்த வண்டியில் அந்தப் படுக்கையில் நான் ஒரு நாளும் படுத்ததில்லை. டிரைவரண்ணன் தூங்குகிற இடத்தில் நான் எப்படி? தார்ப்பாய் மேல், லோடு மேல், மழை பெய்தால் வண்டிக்கு அடியில்.

இந்த இடத்தில் எய்ட்ஸ் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தார்கள். தொண்ணூறுகளில் நாமக்கல் என்றாலே எய்ட்ஸ் என்று பேச்சாகிவிட்டது. 1997ல்தான் நாமக்கல் தனி மாவட்டமே ஆனது, அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. லாரி டிரைவர் என்றால் நோய் கடத்துகிறவன். ஸ்டாண்டில் கூட்டம் போட்டார்கள், ஆணுறை கொடுத்தார்கள், நாடகம் நடத்தினார்கள். நல்லதுதான், பல உயிர் அதனால் பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் வண்டியேறினால் இருபத்தைந்து நாள், முப்பது நாள் வீட்டுக்கு வர முடியாதபடி யார் செய்தார்கள் என்று ஒரு நாடகத்திலும் கேட்கவில்லை. வாரம் ஒரு நாள் விடுமுறை என்ற 1961 சட்டத்தை ஒரு துண்டறிக்கையிலும் அச்சடிக்கவில்லை. நோய்க்குக் காரணம் டிரைவரின் ஒழுக்கம், ரோட்டோரத்துப் பெண்ணின் ஒழுக்கம். இரண்டு பேருடைய ஊரையும் சாதியையும் பார்த்தால் ஒரு வரைபடம் போடலாம். கணவன் செத்தபின் சேரியில் தனித்துப்போன பெண்கள் எழுதினால்தான் இந்த அத்தியாயம் முழுசாகும். நான் எழுத முடியாது.

2000க்குப் பிறகு கிளீனர் மறையத் தொடங்கினான். தங்க நாற்கரச் சாலை, பவர் ஸ்டியரிங், ரேடியல் டயர், செல்போன். முன்னளவு பஞ்சர் இல்லை, மலையில் கட்டை வைக்க வேண்டியதில்லை, வழி கேட்க வேண்டியதில்லை என்றார்கள். எதற்கு இன்னொரு ஆளுக்குச் சோறு என்றார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் செக்போஸ்டுகள் போனபோது ரோட்டில் மணிக்கணக்கில் நிற்பது குறைந்தது. அந்த மிச்ச நேரம் ஓய்வாக மாறவில்லை, ட்ரிப்பை ஒரு நாள் முன்னாடி முடிக்கச் சொன்னார்கள். ஜி.பி.எஸ். வந்தபிறகு வண்டி பத்து நிமிஷம் நின்றால் போன் வரும். முன்பு ஆபீஸில் போன் எடுக்க ஆளில்லை, இப்போது போன் பண்ண மட்டும் ஆள் இருக்கிறது.

2018ல் இரண்டு காரியம் நடந்தது. ஜூலையில் ஆக்சில் எடை வரம்பை உயர்த்தினார்கள். இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. அதே வருஷ நவம்பரில் 90ஆம் விதியைத் திருத்தி, நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பாரத்தைக் கூட்டி ஆளைக் குறைத்த ஆண்டு என்று அதைக் குறித்துக்கொள்ளலாம். ஏட்டில் மட்டும் இருந்த விதிதானே, போனால் என்ன என்று கேட்டார் ஒரு தோழர். ஏட்டில் இருந்தால் கேஸ் போடும்போது காட்டலாம், விபத்தில் செத்தவனின் பெண்டாட்டி கோர்ட்டில் நின்று "இன்னொரு ஆள் எங்கே" என்று கேட்கலாம். இனி கேட்க முடியாது.

இன்று சங்ககிரியில் எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஒரே புலம்பல்: "டிரைவரே கிடைக்கறதில்லைங்க." முதலாளிகள் கூட்டத்தில் பேசுவது இது. வண்டிகள் ஆளில்லாமல் ஷெட்டில் நிற்பது உண்மைதான். வடக்கிலிருந்து ஆள் கொண்டுவருகிறார்கள். இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்க வணங்கவில்லை என்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் சிரிப்பு வரும். டிரைவர் எங்கிருந்து வந்தான்? கிளீனர் சீட்டிலிருந்து வந்தான். ஐந்து வருஷம் சம்பளமில்லாத பள்ளிக்கூடம் அது. அதைக் கலைத்தது யார்? கூட ஒரு பையனுக்குச் சோறு போடுவது நஷ்டம் என்று கணக்குப் போட்டவர்கள்தான். போதாததற்கு எட்டாம் வகுப்புப் படிக்காதவனுக்கு கனரக லைசென்ஸ் இல்லை என்றும் ஒரு விதி இருந்தது, 2019ல்தான் அதை நீக்கினார்கள். ஐந்தாவதோடு பண்ணையத்துக்கு அனுப்பப்பட்ட எத்தனையோ பேர் வண்டி ஓட்டத் தெரிந்தும் லைசென்ஸ் இல்லாமல் நின்றார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் பையன்கள் அந்தச் சீட் வேண்டாம் என்றார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், பெயிண்ட் வேலைக்குப் போனார்கள். 2009ல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு மூன்று சதவீதம் வந்தபிறகு சிலர் பாலிடெக்னிக், என்ஜினியரிங் என்று ஏறினார்கள். முதலாளி சொல்கிற 'ஆள் பற்றாக்குறை'யில் ஒரு பகுதி நம் பிள்ளைகள் கொடுத்த பதில். வேலை செய்ய ஆளில்லை என்று எவனாவது சொன்னால், யாருடைய பிள்ளை இல்லை என்று கேட்க வேண்டும்.

2024 ஜனவரி முதல் இரண்டு நாளும் வடக்கிலும் மேற்கிலும் டிரைவர்கள் தாங்களாகவே வண்டியை நிறுத்தினார்கள். புதிய குற்றவியல் சட்டத்தில் 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, விபத்து செய்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டுவரை சிறை என்றது. ஓடாமல் நின்றால் ஊர் அடித்துக் கொல்லும் என்பது ஸ்டியரிங் பிடித்த எவனுக்கும் தெரியும். அரசாங்கம் இறங்கி வந்தது. 2024 ஜூலை 1ல் சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். முதலாளிகளின் எட்டு நாள் ஸ்டிரைக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நாளில் டிரைவன் சாதித்தான். தமிழ்நாட்டில் இந்த அசைவு பெரிதாக இல்லை. நம்மிடம் டிரைவருக்குத் தனி வாயில்லை, முதலாளிகள் சங்கத்துக்குத்தான் கட்டடம் இருக்கிறது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். வரவேற்கிறேன். நாக்பூர் வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 21ல் இன்னொன்றும் அமலுக்கு வந்தது. 2020ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம். 1961 சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. எட்டு மணி நேரம் இருக்கிறது, கிளீனர் என்ற சொல்லும் இருக்கிறது. வாசலில் நின்ற எண்தான் மாறியிருக்கிறது. மோட்டார் போக்குவரத்து நிறுவனமானால் இனிப் பத்துப் பேர் வேண்டும். ஐந்துக்குப் பயந்து நாலு நாலாகப் பிரித்து எழுதியவர்களுக்கு இனி ஒன்பதுவரை எழுதலாம். பாட்டி பெயர்கூடத் தேவைப்படாது.

இதை எதிர்த்து வாதாடச் சான்று வேண்டும். நம்மிடம் ஆவணம் இல்லை என்று சொல்லியே நம்மை ஒதுக்குகிறார்கள். பழைய ட்ரிப்ஷீட், பேட்டா எழுதிய பாக்கெட் நோட்டு, முன்பணச் சீட்டு, ஷார்ட்டேஜ் பிடித்த கணக்கு, இவை எத்தனையோ வீடுகளில் தகர டப்பாவில் கிடக்கின்றன. சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துச் சேரிகளில் கிளீனராக இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயசு. பலபேர் முதுகெலும்பு போய், சர்க்கரை வந்து வீட்டோடு இருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் விடுமுறையில் ஒரு டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனால் போதும். எந்த வண்டி, யார் பேரில், எத்தனை பேர், எங்கே படுத்தாய், யார் சமைத்தார்கள் என்று கேளுங்கள். இந்த வரிசையிலேயே கேளுங்கள், கடைசிக் கேள்வியை முதலில் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள்.